சாயங்காலம் மட்டும் வரும் வியாதி

எனக்கு வந்த வியாதிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலையில வராது. எந்திரிச்சு, காப்பி போட்டு, ரெண்டு அடுப்பையும் பத்தவச்சு, எங்க வீட்டுக்காரர் எங்கயோ வச்ச மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொடுத்து, அதுக்கு நடுவுல அவரை நாலு வார்த்தை வஞ்சு முடிக்கிற வரைக்கும் நான் முழு மனுஷி. மத்தியானம் சாஞ்சதும் ஆரம்பிக்கும். இடது கண்ணோட இமை கடை ஷட்டர் மாதிரி மெதுவா இறங்கும். அப்புறம் பேச்சு மூக்குக்குள்ள போயிரும். ராத்திரி சப்பாத்தி மெல்லுறப்போ பாதியில தாடை நின்னுபோகும். கையால நாடியைத் தூக்கிப் பிடிச்சு மெல்லணும்.

தில்லியில பெரிய ஆஸ்பத்திரி டாக்டருங்க நம்மளப் பாக்குறதோ காலையில. ஆகக்கூடி என் வியாதியும் என் டாக்டருங்களும் ரொம்ப நாள் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கவே இல்ல.

நாங்க மதுரைப் பக்கம். கல்யாணமாகி தில்லிக்கு வந்து, மோதி பாக் கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்ல குப்பை கொட்டி, இப்ப மயூர் விஹார்ல சொந்த ஃப்ளாட்டு. எங்க வீட்டுக்காரர் ஒரு அமைச்சகத்துல செக்‌ஷன் ஆபீசர். ரொம்ப சாது. எழுத்துல இருந்தா நம்புவார், இல்லைன்னா நம்ப மாட்டார். நான் தமிழ்ப் பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர். வாயை வச்சுப் பொழைக்கிறவ. வீட்டுலயும் அதை வச்சுத்தான் பொழைப்பு ஓடுது.

முதல்ல கண்டுபிடிச்சது எங்க தெருவுக்கு வர்ற காய்கறி வண்டிக்காரர். ஒருநாள் சாயங்காலம் கொத்தமல்லிக்குப் பேரம் பேசிட்டு இருக்கேன், எனக்கே தெரியாம இடது கண்ணு மூடியிருக்கு. அந்த மனுஷன் வெலவெலத்துப்போய் கொத்தமல்லி, பச்சை மிளகாய், கூட ரெண்டு எலுமிச்சம்பழமும் சும்மாவே கொடுத்துட்டு வண்டியைத் தள்ளிட்டுப் போயிட்டார். அதுவரைக்கும் அண்ணிங்கிற உரிமையில 'பாபிஜி, பாபிஜி'ன்னு கூப்பிட்டவர் மறுநாள்ல இருந்து பத்தடி தள்ளி நின்னு 'மாதாஜி'ன்னார். ஏன்னு எனக்குப் புரிஞ்சது பள்ளிக்கூடத்துலதான். கடைசி பீரியட்ல முன் பெஞ்சுல இருந்த ஒருத்தி எந்திரிச்சு, "மிஸ், நீங்க யாருக்கு ஆங்க் மார்றீங்க?"ன்னா. ஆங்க் மார்றதுன்னா இந்தியில கண்ணடிக்கிறது. வகுப்பே உருண்டு பெரண்டு சிரிச்சுச்சு. நான் வைய வாயைத் திறந்தேன். வந்த குரல் சளிபிடிச்ச நாதஸ்வரம். அவளுக சிரிப்பு இன்னும் ஜாஸ்தியாச்சு.

கொஞ்ச நாள்ல பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினாங்க. நல்லவங்கதான், அவங்களைக் குத்தம் சொல்லக்கூடாது. "டீச்சர், பத்தாம் வகுப்பு போர்டு எக்ஸாம் பிள்ளைங்க. மத்தியானத்துக்கு மேல நீங்க சொல்லிக்கொடுக்கிறது புரியலன்னு பேரன்ட்ஸ் வந்து சொல்றாங்க. உடம்புக்கு ஏதாவது இருந்தா என்னன்னு சொல்லுங்க, அதுக்கு ஏத்த மாதிரி ஏற்பாடு பண்ணலாம். ஒண்ணும் இல்லைன்னா எப்பவும் போலப் பேசுங்க. ரெண்டும் இல்லாம இழுத்துட்டே போனா, தீபாவளி லீவுக்கப்புறம் வகுப்பை வேற ஒருத்தருக்குத்தான் கொடுக்கணும். நீங்க லைப்ரரியைப் பாத்துக்கங்க."

லைப்ரரி! பேசாதேன்னு சுவத்துல போர்டு எழுதி மாட்டியிருக்கிற இடம். ஆத்தாடி, அங்க என்னை உக்காரவச்சா நான் ஒரு வாரம் தாங்குவேனா? தமாஷா சொல்றேன், ஆனா அன்னைக்கு உள்ளுக்குள்ள பயந்துட்டேன். வகுப்பு போயிருச்சுன்னா எனக்குன்னு என்ன இருக்கு? இந்தப் பிள்ளைங்க வீட்டுல இந்தி, விளையாட்டுல இந்தி, சண்டை போட்டாலும் இந்தி. அதுக வாயில ரெண்டு வரி தமிழைப் பிழையில்லாம வரவச்சுட்டோம்னு நிமிர்ந்து வீட்டுக்கு வர்றதுலதான் என் உசுரே இருந்துச்சு. தீபாவளிக்குள்ள என் உடம்புக்கு என்னன்னு யாராவது ஒரு டாக்டர் வாயைத் திறந்து சொல்லியாகணும்.

இங்கதான் எங்க ஊர் வழக்கம் வந்து காரியத்தைக் கெடுத்துச்சு. எங்க பக்கம் டாக்டரைப் பாக்கப் போறதுன்னா கல்யாணத்துக்குப் போற மாதிரி. தலைக்குக் குளிச்சு, நல்ல சேலையா எடுத்துக் கட்டி, பொட்டு வச்சு, பூ வச்சுத்தான் போகணும். 'சீக்காளி மாதிரி போய் நின்னா டாக்டர் என்ன நெனப்பாரு?'ன்னு எங்கம்மா கேப்பாங்க. சீக்காளின்னுதான் நெனப்பார், அதுக்குத்தானே போறோம்னு எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் தோணினதில்ல. எங்க வீட்டுக்காரர் அதுக்கு மேல. முந்தின நாளே என்னை ஒரு சோலியும் செய்ய விட மாட்டார். "நீ படு. தெம்பைச் சேத்து வை. டாக்டர்கிட்ட விவரமா சொல்லணும்ல?" விடியுறதுக்கு முன்னாடி அவரே போய் முதல் டோக்கன் வாங்கி வச்சிருவார். நான் நல்லாத் தூங்கி எந்திரிச்சு, ஃபிளாஸ்க் காப்பியைக் குடிச்சு, மல்லிகைப்பூ மணக்க முதல் ஆளா டாக்டர் முன்னாடி போய் உக்காருவேன். கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு திறந்திருக்கும். குரல் கணீர்னு இருக்கும். அந்தக் கணீர் குரல்ல, "டாக்டர் சாப், எனக்குப் பேச்சு வரல"ம்பேன்.

வெளங்குமா?

கண் டாக்டர் கண்ணாடியை மாத்தினார். பொது டாக்டர் வைட்டமின் டி குறைச்சல், போதாததுக்கு தில்லி பொல்யூஷன்னார். தில்லியில கால் ஒடிஞ்சு போனாலும் முதல்ல இது ரெண்டையும்தான் சொல்லுவாங்க. காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்குத்தண்டு வளைஞ்சிருக்குன்னார். நாலாவது ஒரு பெரிய டாக்டர். சுத்தி ஜூனியருங்க கூட்டம். அவர் என்னைப் பாக்கக்கூட இல்ல, என் தலைக்கு மேல எங்க வீட்டுக்காரரைப் பாத்து, "வீட்டுல ஏதாவது டென்ஷனா?"ன்னு கேட்டார். எங்க வீட்டுக்காரர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கொஞ்சம் யோசிச்சுட்டு, "யாருக்கு டாக்டர், எனக்கா அவங்களுக்கா?"ன்னார்.

ஃபோட்டோ எடுத்துக் காட்டலாமேன்னு நீங்க கேப்பீங்க. எடுத்தோமே! ஒருநாள் ராத்திரி இமை இறங்கினதும் எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல எடுத்தார். எடுத்தவர் விரல் தவறி அதைக் குடும்ப குரூப்புல போட்டுட்டார். ஊர்ல இருக்கிற அத்தனை சொந்தமும் வரிசையா 'குட் நைட்' அனுப்புச்சு. என் நாத்தனார் கூட ஒரு நிலாவும் போட்டிருந்தா. அதே ஃபோட்டோவைப் பெரிய டாக்டர்கிட்ட நீட்டினோம். "தூங்கப் போறப்ப எடுத்ததா?"ன்னு கேட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்துட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர் துண்டை மடிச்சுக்கிட்டே மெதுவா சொன்னார். "ஏம்மா, நாலு டாக்டர் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. கொஞ்சம் மனசைத் திடப்படுத்திப் பாரேன்." திட்டல, அதட்டல, சும்மா சொன்னார். எனக்கு நெஞ்சுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை வருஷத்துல அவர் சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் பதில் சொல்லாம இருந்ததே கிடையாது. அன்னைக்கும் பதில் இல்லாம இல்ல, வாய்தான் வரல. மணி அப்பவே ஏழாயிருச்சு. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வலிச்சா அழலாம், வலியே இல்லாத வியாதிக்கு என்னன்னு அழுறது? யாரும் நம்பலையேன்னுதான் அழுதேன்.

அஞ்சாவது ஒரு நரம்பு டாக்டர். கவர்மென்ட் ஊழியருங்களுக்குன்னு இருக்கிற எங்க டிஸ்பென்சரியில, நான் ஓயாம வந்து நிக்கிறதைப் பாத்து, ஆளை விட்டாப் போதும்னு எழுதிக்கொடுத்தாங்க. பஞ்சாபிப் பொண்ணு, சின்ன வயசு. என்னத்த பாத்துக் கிழிக்கப் போறான்னுதான் போனேன். எங்க வீட்டுக்காரர் வழக்கம்போல ஃபைலை விரிச்சு, ஆபீஸ் பழக்கத்துல கலர்ச் சீட்டு ஒட்டி வச்ச பக்கத்தை எடுத்து நீட்டினார். அந்தப் பொண்ணு அதை வாங்கி மூடி ஓரமா வச்சுட்டு, "முதல்ல நீங்க சொல்லுங்க ஆன்ட்டி"ன்னுச்சு. ஃபைலை மூடின டாக்டரை எங்க வீட்டுக்காரர் அன்னைக்குத்தான் பாக்குறார். ஆபீஸ்ல யாரோ கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்ன மாதிரி திகைச்சுப்போய் உக்காந்திருந்தார்.

நான் சொன்னேன். குறுக்க பேசல, கடிகாரத்தைப் பாக்கல, கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் விரலை உயரத் தூக்கி, கண் சிமிட்டாம அதையே பாக்கச் சொல்லுச்சு. இமை லேசா நடுங்கிருக்கும்போல. "ஏதோ இருக்கு. ஆனா அடிச்சுச் சொல்ற அளவுக்கு இப்ப தெரியல. நீங்க சொல்றதை நான் நம்புறேன். ரத்தம் டெஸ்ட் பண்ணலாம்."

நம்புறேன்னு சொன்னதுக்கே எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனா பாருங்க, ரத்தத்துலயும் ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சு. எங்க வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைப் படிச்சுட்டு வாயே திறக்கல. திறந்திருந்தா அன்னைக்கு அவர் ரத்தத்தைத்தான் டெஸ்ட் பண்ண வேண்டி வந்திருக்கும்.

டாக்டர் பொண்ணு அதை ஒரு பார்வை பாத்துட்டு, "சில பேருக்கு ரத்தத்துல தெரியாது. எனக்கு நேர்லயே பாக்கணும்"னுச்சு. அப்புறம் என் தலையில இருந்த பூவையும் பட்டுக்கரைச் சேலையையும் மேலயும் கீழயும் பாத்து ஒரு சிரிப்பு. "ஆன்ட்டி, நீங்க ரொம்ப நல்லாத் தயாராகி வர்றீங்க. அதான் பிரச்சனையே. அடுத்த தடவை சாயங்காலம் என் புசா ரோடு கிளினிக்குக்கு வாங்க. குளிக்காதீங்க, படுக்காதீங்க, களைச்சுப் போய் வாங்க. வழியெல்லாம் நிறுத்தாம பேசிக்கிட்டே வாங்க. மூச்சு முட்டுற மாதிரியோ தண்ணி புரை ஏறுற மாதிரியோ இருந்தா மட்டும் எனக்காகக் காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிருங்க."

பேசிக்கிட்டே வரச் சொல்லிட்டாங்க! பொறந்ததுல இருந்து என்னைப் பேசுன்னு சொன்ன முதல் ஆளு அந்தப் பொண்ணுதான். "என்ன பேசறது டாக்டர்?"ன்னு கேட்டேன். "எதைப் பத்தி உங்களால ரொம்ப நேரம் பேச முடியுமோ, அதை." நான் எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தேன். அவர் தரையைப் பாத்தார்.

அந்த நாளும் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல எல்லா பீரியடும் நின்னுக்கிட்டே நடத்தினேன். வீட்டுக்கு வந்து உக்காரல. எங்க வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுட்டு வந்து, பழக்க தோஷத்துல "நீ இரு, டீ நான் போடுறேன்"னுட்டு, உடனே நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "இல்ல இல்ல, நீயே போடு. அப்படியே அந்த அரிசி டப்பாவைத் தூக்கி மேல வை"ன்னார். வச்சேன். "இப்ப இறக்கு"ன்னார். பொண்டாட்டியை வேலை வாங்கிப் பழக்கமில்லாத மனுஷன், சொல்றப்ப முகத்துல அம்புட்டு வேதனை. லிஃப்டை விட்டுட்டுப் படியில இறங்கி மெட்ரோவுக்குப் போனோம்.

மெட்ரோவுல நான் எப்பவும் லேடீஸ் கோச். அன்னைக்கு அவரோட பொது கோச்சுலயே ஏறினேன், இல்லைன்னா யாரை வையிறது? கதவு மூடினதும் ஆரம்பிச்சேன். யமுனையைத் தாண்டுறதுக்குள்ள கல்யாணப் பந்தலை முடிச்சேன். மண்டி ஹவுஸ் வரைக்கும் என் நாத்தனார். அதுக்கப்புறம் மோதி பாக் வீட்டுல கூலர் வாங்கித் தராம ரெண்டு கோடை என்னை வேகவச்ச கதை. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, "ஆமா, ஆமா, அப்புறம்?"னு எடுத்துக்கொடுத்துக்கிட்டே வந்தார் பாவம். ஒரு சர்தார்ஜி பெரியவர் என்னைப் பாத்து இரக்கப்பட்டு எந்திரிச்சு சீட்டு கொடுத்தார். எங்க வீட்டுக்காரர் பதறிப்போய்க் குறுக்க பாஞ்சு, "நஹி நஹி, இவங்க உக்காரக் கூடாது!"ன்னார். கோச்சே திரும்பி அவரை ஒரு பார்வை பாத்துச்சு. ஒரு அம்மா வாய்விட்டே 'ராட்சசன்'னு இந்தியில சொன்னாங்க. கூட்டத்துல ஒரு தமிழ்க்காரர் இருந்திருக்கார். அதுவரைக்கும் ஃபோனைப் பாக்குற மாதிரி எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தவர், இறங்குறப்ப எங்க வீட்டுக்காரர் தோளைத் தொட்டு, "விட்டுப் பிடிங்க சார்"னு சொல்லிட்டுப் போனார்.

கரோல் பாக்ல இறங்குறப்ப இடது கண்ணு முழுசா மூடிருச்சு, வலது பாதி. பேச்சு மூக்குக்குப் போயிருச்சு. ஜெயிச்சுட்டோம்னு எங்க வீட்டுக்காரர் என் கையைப் பிடிச்சு விறுவிறுன்னு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனார். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு, "டாக்டர் மேடம் டிராஃபிக் ஜாம்ல மாட்டிக்கிட்டாங்க. பைட்டியே"ன்னுச்சு.

உக்காந்தோம். மெத்து மெத்துன்னு சோபா. ஜில்லுன்னு ஏசி. என் உடம்பு சொகமா இளைப்பாற ஆரம்பிச்சுருச்சு. எங்க வீட்டுக்காரர் அடுப்புல வச்ச பாலைப் பாக்குற மாதிரி என் கண்ணையே பாத்துட்டு இருந்தவர் திடீர்னு, "ஐயையோ, ஏறுது! இமை மேல ஏறுது! பேசு, பேசு!"ன்னார். என்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. எல்லாத்தையும் மெட்ரோவுலயே கொட்டித் தீத்துட்டேன். அவர் என்னைக் கிளப்பிவிடப் பாத்தார். "உங்க அண்ணன் கல்யாணத்துல சாப்பாடு வாயில வைக்க முடியல."

"ஆமா, சமையல்காரன் சரியில்ல"ன்னேன்.

"உங்கம்மா வைக்கிற மீன் குழம்புல உப்பு ஜாஸ்தி."

"அது ஊருக்கே தெரியும்."

இமை இன்னும் கொஞ்சம் ஏறிருச்சு. அவர் வாசலைப் பாத்தார், கடிகாரத்தைப் பாத்தார், தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"நான் உன்னை நம்பல"ன்னார்.

நான் திரும்பினேன்.

"நாலு டாக்டர் எழுதினதும், வேலைக்குப் போக அலுத்துப்போய் நடிக்கிறியோன்னு நெனச்சேன். நீ நாடியைப் பிடிச்சுக்கிட்டு மெல்லுறப்ப நான் டிவி பக்கம் திரும்பிக்குவேன். தப்புத்தான்."

அது என்னைக் கிளப்பிவிடச் சொன்னதா, உண்மையா சொன்னதான்னு ஒரு விநாடிகூட யோசிக்கத் தேவையில்லாம இருந்துச்சு அவர் மூஞ்சி. எந்திரிச்சேன். கிளினிக்னு பாக்கல, நாலு பேர் இருக்காங்கன்னு பாக்கல. நடிக்கிறேனா? நானா? என் சோத்தை நான் மெல்ல முடியாம நடிக்கிறேனா? கூட வாழ்ந்தவ சொல்றது பெருசா, யாரோ கிறுக்கின பேப்பர் பெருசா? கத்தினேன். கத்தக் கத்தக் குரல் உடைஞ்சு, மூக்குக்குப் போய், கடைசியில வெறும் காத்தாப் போச்சு. ரெண்டு இமையும் ஒண்ணா விழுந்துச்சு. தலை நிக்காம முன்னால சாஞ்சுச்சு. அவர்தான் ஓடிவந்து பிடிச்சார்.

வாசல்ல கார் சாவியோட டாக்டர் பொண்ணு நின்னுட்டு இருந்துச்சாம். எப்ப வந்துச்சுன்னு தெரியல. "ஷாபாஷ் ஆன்ட்டி"ன்னு சொல்லி என்னைத் தாங்கிப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போச்சு.

முதல்ல மூச்சைச் சோதிச்சுப் பாத்துச்சு, அது சரியா இருந்துச்சு. ஃபிரிஜ்ஜுல இருந்து ஐஸ்கட்டியை எடுத்து, கையுறைக்குள்ள போட்டு, என் இடது கண்ணு மேல வச்சுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா, அந்தக் கண்ணு மட்டும் திறந்துக்கிச்சு. "அச்சா, பாருங்க அங்கிள்"னு எங்க வீட்டுக்காரரைக் கிட்ட கூப்பிட்டுக் காட்டுச்சு. வியாதிக்குப் பேரு மயஸ்தீனியாவாம். ஆயிரத்துல லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதாம். நரம்பு சொல்ற உத்தரவு தசைக்குப் போய்ச் சேர்றதில்லையாம். எங்க வீட்டுக்காரருக்கு உடனே புரிஞ்சிருச்சு. "ஆர்டர் போட்டாச்சு, செக்‌ஷனுக்கு வந்து சேரல. அப்படித்தானே?"ன்னார். டாக்டர் அசந்துபோய், இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லப்போறேன்னுச்சு. "கரண்ட் வச்சு ஒரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா எனக்குச் சந்தேகமில்ல. இது விட்டுப் போகாது ஆன்ட்டி, கூடவே இருக்கும். மாத்திரையில கட்டுக்குள்ள வைக்கலாம். நல்லா இருக்கிறப்ப இல்ல, முடியாதப்ப எனக்கு ஃபோன் பண்ணுங்க."

எனக்குக் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்குத்தான் குரல் இல்ல. அந்தப் பொண்ணு நாற்காலியைப் பக்கத்துல இழுத்துப்போட்டு, காதை என் வாய்கிட்ட கொண்டுவந்து, பேசாம காத்திருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் எனக்குப் பதிலா சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி நிறுத்திருச்சு. ஒவ்வொரு எழுத்தா சேத்து, "வகுப்பு... எடுக்கலாமா?"ன்னு கேட்டு முடிச்சேன்.

"ஏன் எடுக்கக்கூடாது? காலை பீரியடெல்லாம் உங்களுக்கு. மத்தியானம் ரெஸ்ட். உங்க பிரின்சிபாலை என்கிட்ட பேசச் சொல்லுங்க, நான் சொல்றேன்."

போகாத வியாதி வந்திருக்கு. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. எங்க வீட்டுக்காரர் என் முகத்தைப் பாத்தார், ஒரு அடி பின்னால போனார்.

"ஏம்மா, இன்னும் கோவமா? பல்லைக் கடிக்காத. தப்புன்னு சொல்லிட்டேன்ல? வீட்டுல போய் எம்புட்டு வேணா திட்டு."

டாக்டர் பொண்ணு என்னையும் பாத்துச்சு, அவரையும் பாத்துச்சு. "கோவம் இல்ல அங்கிள். உதட்டைத் தூக்குற தசையும் களைச்சுப் போச்சு, மேல ஏறல. ஆன்ட்டி சிரிக்கிறாங்க."

அவர் கண்ணாடியைக் கழட்டிச் சட்டையில துடைச்சு மாட்டிக்கிட்டார். எனக்கு எதிரா குனிஞ்சு உக்காந்து என் முகத்தையே பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார்.

"ஆமா டாக்டர்"ன்னார். "சிரிக்கிறா."